வலையைக் கடிக்காத நங்கூரம்: மண்டபம் வடகடலில் ஒரு நிகழ்வு ஆய்வு

மண்டபம் வடகரையிலிருந்து நண்டு வலைக்குப் போகும் 24 அடி பைபர் வள்ளம் அது. ஆள் மூன்று பேர். அமரத்தில், அதாவது பின்பக்கத்தில், 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு இன்ஜின். அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், ஒரு நாலு கொக்கி நங்கூரம். அந்த நங்கூரத்தைச் செய்து கொடுத்தது நான்தான். உச்சிப்புளியில் உள்ள என் வெல்டிங் பட்டறையில் 16 மில்லி கம்பியை வளைத்து, ஒரு துண்டுப் பைப்பைச் சுற்றிப் பற்றவைத்தது. எடை 9 கிலோ. இந்தக் கரையில் எந்த வள்ளத்தில் ஏறினாலும் அநேகமாக இதே ரகத்தைப் பார்க்கலாம்.

ஒரு ஐப்பசிக் கடைசியில், வாடைக்காற்று இன்னும் முழுதாகத் தொடங்காத நேரத்தில், கருக்கலில் வடக்கேயிருந்து மழையோடு காற்று இறங்கியது. எண்ணெயில் தண்ணீர் கலந்து இன்ஜின் நின்றுபோனது. நங்கூரத்தைப் போடச் சொல்லி வள்ளத்துக்கார அண்ணன் கத்தியிருக்கிறார். அணியத்தில் நின்ற பையன் நங்கூரத்தைத் தூக்கினால் வலையும் கூடவே எழுந்து வருகிறது. நாலு கொக்கியில் மூன்று, குவித்து வைத்திருந்த நண்டு வலைக்குள் புகுந்திருந்தன. இழுக்க இழுக்க இறுகியது. கத்தியால் வலையை அறுத்து நங்கூரத்தைத் தண்ணீரில் விடுவதற்குள், வள்ளம் பக்கத்து வள்ளத்தார் போட்டிருந்த வலைமேல் போய் ஏறிவிட்டது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இரண்டு குடும்பத்து வலை போயிற்று.

மறுநாள் காலையில் அண்ணன் பட்டறைக்கு வந்தார். கொக்கியில் வலைத் துண்டு அப்படியே தொங்கியது. "தம்பி, இது தரையைப் பிடிக்கிறதுக்கு முன்னாடி என் வலையைப் பிடிச்சிருது. மடக்கி வைக்கிற மாதிரி ஒண்ணு செய்ய முடியுமா?"

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க ஒன்றரை வருடம் ஆனது. கடையில் வாங்கியது ஒன்று, நாங்களே செய்தது இரண்டு என்று மூன்று நங்கூரங்களைப் பார்த்தோம். முதல் இரண்டும் சரிப்படவில்லை. ஏன் சரிப்படவில்லை என்பதை விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் மூன்றாவதை வடிவமைத்தவை அந்தத் தோல்விகள்தான்.

எதற்குள் மடங்க வேண்டும்

மடக்கச் சொன்னால் எதற்குள் மடக்குவது என்று தெரிய வேண்டும். டேப்பை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். அணியத்துத் தட்டுக்குக் கீழே பெட்டி மாதிரி ஓர் இடம் இருந்தது. உள்நீளம் 90 சென்டிமீட்டர், வாய் அகலம் 40, உயரம் 15. அங்கே ஒரு தண்ணீர்க் கேனும் கிழிந்த தார்ப்பாயும் கிடந்தன. பழைய நங்கூரத்தில் கொக்கிகளின் விரிவு 55 சென்டிமீட்டர். எப்படித் திருப்பினாலும் அந்த வாய்க்குள் நுழையாது. அதனால்தான் அது எப்போதும் வலைமேல் கிடந்திருக்கிறது.

அடுத்தது வண்டி. கரையில் இரவு எதையும் விட்டுவைக்க முடியாது. இன்ஜின், எண்ணெய்க் கேன், நங்கூரம் எல்லாம் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வீட்டுக்குத் திரும்பும். முன்பலகையில் நிற்க வைத்த நங்கூரத்தின் கொக்கி, வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் முழங்காலைக் கிழிக்கும். அண்ணனின் இடது காலில் அதற்கான தழும்புகளை எண்ணிப் பார்க்கலாம்.

மூன்றாவதாக இருட்டு. நங்கூரம் உயிர்போகிற அவசரத்தில் தேவைப்படுவது பெரும்பாலும் இரவில். கை நனைந்திருக்கும், வள்ளம் ஆடும், ஒரு கை எதையாவது பிடித்துக்கொண்டிருக்கும். மிச்சமிருக்கும் ஒற்றைக் கையால், பார்க்காமலே, விரித்துப் போட முடிய வேண்டும். அன்று இதை மூன்றாவதாகத்தான் குறித்துக்கொண்டேன். கடைசியில் வடிவத்தைத் தீர்மானித்தது இதுதான்.

எந்தத் தரையில் நிற்க வேண்டும்

ராமநாதபுரம் கரைக்கு இரண்டு கடல். பாம்பனுக்கு வடக்கே பாக் விரிகுடா, எங்கள் பேச்சில் வடகடல். தெற்கே மன்னார் வளைகுடா, தென்கடல். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், அப்போது வடகடல் அமைதியாக இருக்கும். வாடை தொடங்கினால் நிலைமை தலைகீழ். சின்ன வள்ளங்கள் காற்றைப் பார்த்துக் கடல் மாற்றிக்கொள்ளும்.

தரையும் அப்படியே மாறும். வடகடலின் பெரும்பகுதி 10 மீட்டருக்குள் அடங்கும் ஆழம். சேறு, மணல், இரண்டும் கலந்தது, நடுவே பரப்புப் பரப்பாகக் கடல் தாழை என்கிற கடற்புல். தென்கடலில் மணலோடு பாரும் உண்டு. பார் என்றால் பாறையும் பவளமும். தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையில் உள்ள 21 தீவுகளைச் சுற்றி 1986-இல் அரசு கடல் தேசியப் பூங்கா அறிவித்தது அந்தப் பவளத்துக்காகவும்தான்.

பாரில் பிடிக்க மெல்லிய கொக்கி போதும். இடுக்கில் மாட்டினால் வள்ளம் நின்றுவிடும். கழற்ற முடியாவிட்டால் இன்ஜினால் இழுப்பார்கள். கம்பி நிமிர்ந்து கொக்கி வெளியே வரும், கரைக்கு வந்து திரும்ப வளைத்துக்கொள்வார்கள். கம்பிக் கொக்கி இத்தனை காலம் நீடித்ததற்கு இது நியாயமான காரணம். சேற்றிலும் மணலிலும் கதை வேறு. அங்கே பிடிப்பது கொக்கியின் கூர்மை இல்லை, மண்ணுக்குள் புதைந்திருக்கும் பரப்பு. என் பழைய நங்கூரத்தில் ஒரு நேரத்தில் இரண்டு கொக்கிகள் மண்ணுக்குள் இறங்கும். ஒவ்வொன்றிலும் 25 சென்டிமீட்டர் நீளம், 1.6 சென்டிமீட்டர் கனம். இரண்டும் சேர்ந்து 80 சதுர சென்டிமீட்டர். நம் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். அதை நம்பி ஒரு வள்ளம் காற்றில் நிற்க வேண்டியிருந்தது.

கனமான கல் கட்டினால் ஆகாதா என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. 20 கிலோ கருங்கல் கடல் தண்ணீருக்குள் ஏறக்குறைய 12 கிலோ எடைதான் காட்டும். 20 கிலோ இரும்பு 17 கிலோவுக்கு மேல் காட்டும். கல் தரைமேல் உட்காருமே தவிர தரைக்குள் போகாது.

இரண்டு தரைக்கும் ஒரே நங்கூரம் செய்ய வேண்டும் என்று முதல் இரண்டு மாதம் பிடிவாதமாக இருந்தேன். அந்த எண்ணத்தைக் கைவிட்டது நல்ல முடிவு. வலை குவிந்து கிடப்பதும், இருட்டில் காற்று இறங்குவதும், நங்கூரத்தைப் பிடித்துக்கொண்டு இரவைக் கழிப்பதும் இந்த வள்ளத்துக்கு வடகடலில்தான் நடக்கிறது. எனவே சேறும் மணலும்தான் குறி என்று முடிவு செய்தோம்.

கடையில் கிடைத்த மடக்கு நங்கூரம்

குடை மாதிரி விரியும் நாலு கை நங்கூரம் ஒன்றை முதலில் வாங்கிப் பார்த்தோம். நடுத்தண்டில் ஒரு வளையம் சறுக்கும். மேலே தள்ளினால் கைகள் சேர்ந்து கட்டு மாதிரி ஆகும். கீழே இறக்கித் திருகினால் விரிந்து நிற்கும். 4 கிலோ எடை, மடங்கிய நிலையில் ஒரு சைக்கிள் பம்பு அளவுதான். பார்த்ததும் அண்ணனுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

கடலில் அது நிற்கவில்லை. மணலில் போட்டு இழுத்தால் உழுதுகொண்டே வந்தது. கைகளின் நுனித் தகடு ஒவ்வொன்றும் மூன்று விரல் அகலம்தான், பரப்பில் என் கம்பிக் கொக்கியோடு பெரிய வித்தியாசம் இல்லை. எடையோ பாதிக்கும் குறைவு. அமைதியான ஓடையில் சின்னப் படகை நிறுத்த அது போதும். வடகடல் காற்றுக்குப் போதாது. இன்னொரு தொல்லையும் இருந்தது. இரண்டு மாதத்தில் உப்பேறிச் சறுக்கு வளையம் இறுகிவிட்டது. சுத்தியலால் தட்டித்தான் நகர்த்த வேண்டியிருந்தது, நகரும்போது விரலை நசுக்கியது.

பிரித்து மாட்டும் தகட்டு நங்கூரம்

அடுத்து தகட்டு வகைக்குப் போனோம். 1940 வாக்கில் அமெரிக்காவில் ரிச்சர்ட் டான்ஃபோர்த் வடிவமைத்த வகை இது. இரண்டாம் உலகப் போரில் கரையேறும் படகுகள் கரையை நெருங்கும்போதே இதைப் பின்னால் கடலில் போட்டுவிட்டுப் போகும். மணலில் ஏறி ஆட்களை இறக்கியபின், அந்தக் கயிற்றைச் சுருட்டித் தங்களைத் தாங்களே தண்ணீருக்குள் இழுத்துக்கொள்ளும். குறைந்த எடையில் நிறையப் பிடிப்பு வேண்டும் என்பது அவர்களுக்கும் இருந்த தேவை.

இரண்டு முக்கோணத் தகடுகள், நடுவில் ஒரு தண்டு, அடியில் ஒரு கீல். தண்டுக்கும் தகட்டுக்கும் இடையே மணலுக்கு 30 பாகையை ஒட்டிய கோணம் வரை திறக்கும், அதற்குமேல் போகாமல் ஒரு தடுப்பு. மென்சேற்றுக்கு 45 பாகை வரை வைப்பார்கள். கீலுக்குப் பக்கவாட்டில் இரண்டு புறமும் நீளும் குறுக்குக் கம்பி ஒன்று உண்டு. அது இல்லாவிட்டால் நங்கூரம் ஒருக்களித்துப் புரண்டு தகடு வெளியே வந்துவிடும். இந்த வகை இயல்பிலேயே தட்டையானது. குறுக்குக் கம்பி ஒன்றுதான் இடைஞ்சல்.

அட்டையில் வெட்டி, பள்ளிக்கூடத்துப் பாகைமானியால் கோணம் பார்த்து, 6 மில்லி தகட்டில் வெட்டினேன். ஒவ்வொரு தகடும் 40 சென்டிமீட்டர் நீளம், அடியில் 16 அகலம். இரண்டும் சேர்ந்து 640 சதுர சென்டிமீட்டர். பழைய கொக்கிகளைப்போல எட்டு மடங்கு பரப்பு. தண்டுக்கு 40-க்கு 12 மில்லி ஃபிளாட், அதாவது பட்டை இரும்பு. குறுக்குக் கம்பியையே கீலின் அச்சாகவும் வைத்தேன். அதை உருவினால் தண்டு, இரண்டு தகடு, கம்பி என்று நாலு துண்டாகப் பிரியும், ஒரு சாக்குக்குள் போட்டுவிடலாம். ஒரு ஸ்பிரிங் பின் கம்பியை வெளியே வராமல் பிடிக்கும்.

மணலில் பிடிப்பு பிரமாதம். கொக்கித் தராசைக் கயிற்றில் கோத்து இன்னொரு வள்ளத்தால் இழுத்தபோது, பழைய நங்கூரம் 30 கிலோவை எட்டும் முன்பே நகர்ந்தது. இது 90 கிலோ வரை அசையவில்லை. அதற்குமேல் இழுக்க அந்த இன்ஜினுக்குத் தெம்பில்லை. எனக்கு ஒரே சந்தோஷம்.

மூன்றாவது பயணத்தில் பின் தொலைந்தது. வலைக்குள் விழுந்ததா தண்ணீரில் விழுந்ததா தெரியாது. அதற்குப் பதில் ஒரு ஆணியைச் செருகினார்கள். ஆணி வளைந்து மாட்டிக்கொள்ள, பிறகு கம்பியை உருவவே முடியவில்லை. உருவ முடிந்த நாட்களிலும் தொல்லைதான். கீலில் அரை மில்லி இடைவெளிதான் விட்டிருந்தேன். பட்டறையில் அது வெண்ணெய் மாதிரி சுழன்றது. கடல் மணல் புகுந்ததும் அரைத்துக்கொண்டு நின்றது. தவிர, நாலு துண்டை இருட்டில் கோப்பது நடக்கிற காரியமே இல்லை. பகலில், கரையில், அண்ணனின் கண்ணைத் துண்டால் கட்டி மாட்டச் சொன்னேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது. நடுவில் ஒரு தகட்டைத் தலைகீழாக மாட்டி மறுபடி கழற்றினார்.

"கழட்டுற சாமான் எதுவும் வள்ளத்துல தங்காது தம்பி" என்றார். அதற்குப் பிறகு நான் எந்தத் துண்டையும் கழலும்படி செய்யவில்லை.

கடைசி அடி பாம்பன் பக்கம் விழுந்தது. கல் கலந்த தரையில் ஒரு தகடு இடுக்கில் சிக்கியிருக்கிறது. காற்று திரும்பியதும் வள்ளம் பக்கவாட்டில் இழுக்க, தண்டு வாழைப்பழம் மாதிரி வளைந்துவிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தால் வளைந்ததில் ஆச்சரியமே இல்லை. 12 மில்லி கனமுள்ள ஃபிளாட் அகலவாக்கில் நல்ல வலு, பக்கவாட்டில் 75 சென்டிமீட்டர் நெம்புகோலுக்கு முன்னால் 30 கிலோ சொச்சத்திலேயே மடங்கும். முன்னால் இழுக்கும் விசையை மட்டும் யோசித்திருந்தேன். காற்று திரும்பும் என்பதை யோசிக்கவில்லை.

கீழக்கரை வாசலில் கிடந்த விடை

குறுக்குக் கம்பியைக் கழற்றாமலே மடக்க வழி தெரியாமல் சில வாரம் வேலை நின்றது. ஒரு கேட் பற்றவைக்கக் கீழக்கரைக்குப் போயிருந்தேன். பழைய வீடு. வாசல் ஓரத்தில் ஆள் உயரத்துக்குத் துருப்பிடித்த நங்கூரம் ஒன்று சாய்ந்து கிடந்தது. பாய்மரக் கப்பல்கள் வந்துபோன காலத்து இரட்டைக் கை நங்கூரம். அதன் குறுக்குக் கம்பியின் ஒரு முனை செங்கோணமாக வளைந்து, நுனியில் ஒரு குண்டு இருந்தது. எதற்கு இந்த வளைவு என்று யோசித்துக்கொண்டே கையால் பிடித்துப் பார்த்தேன். சட்டென்று பிடிபட்டது. ஆணியை எடுத்துவிட்டு, கம்பியை ஓட்டை வழியே வளைவு வரைக்கும் தள்ளினால், அது தொங்கித் தண்டோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். நுனிக் குண்டு அதை முழுதாக வெளியே விடாது. கப்பலின் பக்கத்தில் தட்டையாகக் கட்டி வைப்பதற்காக நங்கூரக் கொல்லர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்ட மடக்கு இது.

வீட்டுக்காரரிடம் கேட்டு அரை மணி நேரம் அதை அளந்தேன். கேட் வேலை அன்று தாமதம்தான்.

அந்த மடக்கை அப்படியே தகட்டு நங்கூரத்துக்குக் கொண்டுவர முடியவில்லை. கீல் பைப் 30 சென்டிமீட்டருக்கு மேல் நீளம், வளைந்த கம்பி அதற்குள் நுழையாது. வளைவு தாண்டிப் போக வேண்டுமானால் ஓட்டை குட்டையாக இருக்க வேண்டும். எனவே குறுக்குக் கம்பியைக் கீலிலிருந்து பிரித்தேன். தண்டின் அடியில் 12 மில்லி கனத்தில் ஒரு வால் துண்டைப் பற்றவைத்து, கீலுக்குப் பின்னால் 5 சென்டிமீட்டர் தள்ளி, அதில் ஓட்டை போட்டேன். 16 மில்லி ராடு அதன் வழியே போகும். ஒரு முனையில் 8 சென்டிமீட்டர் வளைவும் குண்டும். தகடுகள் நிரந்தரமாகக் கீல் பைப்பிலேயே ஒட்டியிருக்கும். எதுவும் கழலாது.

ராடைப் பூட்டுவது எப்படி? அண்ணன் ராடில் ஒரு ஓட்டை மட்டும் கேட்டார். அதில் 3 மில்லி நைலான் கயிற்றைக் கோத்து, வால் துண்டைச் சுற்றி ஒரு முடிச்சு. முதலில் எனக்கு மனம் ஒப்பவில்லை. இரும்பு வேலைக்காரனுக்கு இரும்பைக் கயிறு பிடிப்பதாவது என்று தோன்றும். விசையை எழுதிப் பார்த்தேன். குறுக்குக் கம்பியின் வேலை நங்கூரம் புரளாமல் தடுப்பது. அதை மேலும் கீழும் வளைக்கும் விசை வரும். நீளவாக்கில் உருவும் விசை மிகக் குறைவு. முடிச்சு தாங்க வேண்டியது அந்தச் சின்ன விசையை மட்டும்தான். வலைக்காரனின் விரல் இருட்டிலும் முடிச்சுப் போடும், கயிறு அறுந்தால் வள்ளத்தில் வேறு கயிறு எப்போதும் இருக்கும். முடிச்சே இல்லாமல், கம்பியே போடாமல், அவசரத்தில் அப்படியே வீசினாலும் நேர் இழுப்பில் தகடு ஓரளவு இறங்கும். பின் தொலைந்த நாலு துண்டு நங்கூரத்தால் இது முடியாது.

தண்டுக்கு ஃபிளாட்டை விட்டுவிட்டு ஒரு அங்குலப் பைப் எடுத்தேன். வெளிவிட்டம் 33.7 மில்லி, சுவர் 3.2. எடை முன்னதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு, பக்கவாட்டு வலு இரண்டு மடங்குக்கு மேல். மெல்லிய தண்டு மண்ணுக்குள் சுலபமாக இறங்கும், பருத்த பைப் அந்த அளவுக்கு இறங்காது என்பது இதன் குறை. வளைவதைவிட அது பரவாயில்லை. கீலில் இந்தத் தடவை 2 மில்லி இடைவெளி விட்டேன். கையில் எடுத்தால் லொடலொடவென்று ஆடும். மணல் உள்ளே போகும், அதே வழியில் வெளியேயும் வந்துவிடும்.

மொத்த எடை ஏழரை கிலோ. படுத்த நிலையில் நீளம் 85, அகலம் 36, கனம் 9 சென்டிமீட்டர். அணியத்துப் பெட்டிக்குள் போய்விட்டது. வண்டியின் முன்பலகையில் இரண்டு காலுக்கும் நடுவே நிற்கிறது.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. இரண்டு தகட்டு நுனிகளும் பெட்டிக்கு வெளியே வந்தால் வலையைப் பிடிக்கும். நுனிக்கு ரப்பர் மூடி போடலாம் என்று நான் சொல்ல, அதுவும் தொலையும் என்றார் மதினி. அவர் கிழிந்த தார்ப்பாயை எடுத்து, கோணி ஊசியால் ஒரு உறை தைத்தார். உறையின் அடியை வள்ளத்தில் கட்டிவிட்டார். தண்டின் மேல்முனை வளையத்தைப் பிடித்துத் தூக்கினால் நங்கூரம் மட்டும் உருவிக்கொண்டு வரும், உறை வள்ளத்திலேயே இருக்கும். எங்கள் எல்லா யோசனைகளிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கண்ணைக் கட்டி மறுபடி சோதித்தோம். உறையிலிருந்து உருவி, கம்பியைத் தள்ளி, முடிச்சிட்டு, வீசத் தயாராக 20 விநாடிக்குள்.

காற்றும் கயிறும்

எவ்வளவு விசையை எதிர்பார்ப்பது? வள்ளத்தின் முகப்பை 2.5 சதுர மீட்டர் என்று எடுத்துக்கொண்டேன். மணிக்கு 54 கிலோமீட்டர் காற்று அதை 34 கிலோ அளவுக்குத் தள்ளும். 72 கிலோமீட்டர் காற்று 60 கிலோவைத் தொடும். காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நாலு மடங்காகும். அலை கொடுக்கும் வெட்டு இழுப்பு இதற்கு மேல். 90 கிலோவில் அசையாத நங்கூரம் என்றாலும் பெருங்காற்றில் அது ஏராளமான இருப்பு என்று சொல்ல முடியாது.

அதனால் கயிற்றைப் பற்றி நீண்ட நேரம் பேச வேண்டியிருந்தது. 3 பாகம் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 5.5 மீட்டர். ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம். தண்ணீர்மட்டத்திலிருந்து அணியம் வரை உள்ள உயரத்தையும் சேர்த்தால் 6 மீட்டருக்கு மேல். அந்த உயரத்தைப்போல மூன்று மடங்கு கயிறு விட்டால், இழுப்பு தரையிலிருந்து 19 பாகை மேல்நோக்கி இருக்கும். ஐந்து மடங்கில் 11½ பாகை. ஏழு மடங்கில் 8. தகடு மண்ணுக்குள் இறங்க இழுப்பு தரையோடு படுக்க வேண்டும். குறைந்த கயிற்றில் நாம் நங்கூரத்தைத் தூக்குகிறோம், இழுப்பதில்லை. நங்கூரம் பிடிக்கவில்லை என்று பட்டறைக்கு வந்த புகார்களில் பலவற்றுக்குக் காரணம் கயிறுதான் என்பதைத் தாமதமாகவே புரிந்துகொண்டேன்.

ஆனால் கயிற்றைக் குறைப்பதற்கு அவர்களிடம் காரணம் இருக்கிறது. இந்தக் கடலில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்று முறை வைத்திருக்கிறார்கள். நாட்டுப்படகு நாளில் வலைக்குப் பக்கத்தில் வலை கிடக்கும். 40 மீட்டர் கயிறு விட்டு வட்டமடித்தால் அடுத்தவர் வலைமேல்தான் போய் நிற்போம். எனவே இடைவழியாக, நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே 2 மீட்டருக்கு 8 மில்லி சங்கிலி கோத்தோம். 3 கிலோ எடை கூடியது. சங்கிலி தரையில் படுத்து இழுப்பைத் தாழ்த்தும், கல்லில் உரசினாலும் அறுபடாது. சாதாரண நாளில் ஐந்து மடங்கு, காற்று கூடினால் ஏழு மடங்கு என்று பேசிக்கொண்டோம். கயிற்றில் 5 பாகத்துக்கு ஒரு துணி முடிச்சுப் போட்டுவைத்தோம், இருட்டில் கையே எண்ணிக்கொள்ளும்.

துரு

முதலில் துத்தநாகப் பெயின்ட் அடித்தேன். சங்கிலி உரசி ஒரு மாதத்தில் போய்விட்டது. பிறகு வெளியூருக்கு அனுப்பி உருக்கிய துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுத்தோம். அந்தத் தொட்டி 450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருக்கும். இரண்டு முனையும் அடைத்த பைப்பை அதில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்றும் ஈரமும் விரிந்து வெடிக்கும், பக்கத்தில் நிற்கும் ஆளின் உயிருக்கே ஆபத்து. இதைச் செய்ய நினைக்கும் பட்டறைக்காரர்கள் தயவுசெய்து தண்டின் இரு முனையிலும் கீல் பைப்பிலும் 10 மில்லி ஓட்டை போட மறக்காதீர்கள். அந்த ஓட்டை வழியே துத்தநாகம் உள்ளேயும் பூசிக்கொள்ளும், கடலில் தண்ணீரும் வடியும். கீலில் விட்ட 2 மில்லி இடைவெளி இங்கேயும் உதவியது. இறுக்கமாக இருந்திருந்தால் துத்தநாகம் நிரம்பிக் கீலே பற்றிக்கொண்டிருக்கும். வளையத்துக்கு எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) போடலாமே என்று சிலர் சொன்னார்கள். கடல் நீரில் இரண்டு வேறு உலோகம் தொட்டுக்கொண்டிருந்தால் துத்தநாகம் சீக்கிரம் கரையும். எல்லாவற்றையும் ஒரே இரும்பில் வைத்துக்கொண்டேன்.

கடலில் ஒரு வாடையும் ஒரு கச்சானும்

வடகடல் மணலில் போட்ட இடத்தில் நிற்கிறது. மென்சேற்றில் ஒரு பழக்கம் தேவைப்பட்டது. போட்டவுடன் இழுத்தால் தகடு மேலோடு வழுக்கும். இரண்டு நிமிடம் படிய விட்டு, கயிற்றை மெதுவாக இறுக்கினால் இறங்குகிறது. வள்ளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வீசினாலும் பிடிப்பதில்லை, தரைமேல் சறுக்கிக்கொண்டே வரும். பழைய கொக்கிக்கு இந்தப் பொறுமை தேவைப்படவில்லை, அதனால் பையன்கள் முதலில் சலித்துக்கொண்டார்கள்.

கடல் தாழையில் இது சரியாக வேலை செய்யவில்லை. தகடுகளுக்கு நடுவே தாழை கொத்தாகச் சேர்ந்து, மண்ணைத் தொடவிடாமல் மெத்தை மாதிரி ஆகிவிடுகிறது. அதைத் திருத்த நான் முயலவும் இல்லை. தாழை ஆவுளியா என்கிற கடற்பசு மேயும் இடம், நண்டுக் குஞ்சும் இறால் குஞ்சும் ஒதுங்கும் இடம். நங்கூரம் அதில் இழுபட்டால் வேரோடு பறித்துக்கொண்டு வரும். தண்ணீர் தெளிந்த நாளில் தாழை கறுப்பாகவும் மணல் திட்டு வெள்ளையாகவும் தெரியும். வெள்ளையில் போடுங்கள் என்றுதான் சொல்கிறேன். அண்ணன் அப்படித்தான் செய்கிறார்.

கல் இருக்கக்கூடிய தரையில் போடும்போது சங்கிலியை வளையத்தில் மாட்டுவதில்லை. வால் துண்டில் ஷேக்கிள் (சங்கிலி மாட்டும் கொண்டி) போட்டு, தண்டு வழியாகக் கொண்டுவந்து, வளையத்தில் மெல்லிய கயிற்றால் கட்டுகிறோம். சிக்கிக்கொண்டால் பலமாக இழுக்கும்போது அந்த மெல்லிய கயிறு அறுந்து, இழுப்பு அடிப்பக்கத்துக்கு மாறும், நங்கூரம் பின்பக்கமாகக் கழன்று வரும். இரவு தங்கும்போது இந்த முறை கூடாது. காற்று திரும்பினால் அந்தக் கயிறு தானாகவே அறுந்துவிடலாம். பவளப் பாரில் நங்கூரமே போடக் கூடாது. ஒரு தடவை உடைந்த பவளம் நம் ஆயுளில் பழைய உயரத்துக்கு வராது.

இந்த வாடையில் ஒரு இரவு, முதல் தடவை நடந்த மாதிரியே மழையும் காற்றும் சேர்ந்து வந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனாலும் நங்கூரத்தைப் போட்டு நின்றிருக்கிறார்கள். காலையில் போனில் அண்ணன் அதிகம் பேசவில்லை. "நின்னுச்சு தம்பி. வலையும் இருக்கு" என்றார்.

இதுவரை இன்னும் நாலு வள்ளத்துக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். அதில் ஒருவர் குறுக்குக் கம்பியை நிரந்தரமாகப் பற்றவைத்துத் தரச் சொல்லித் திரும்பக் கொண்டுவந்தார். அவர் வள்ளம் பெரியது, மடக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அப்படியே செய்து கொடுத்தேன். முதல் நங்கூரத்தில் வால் துண்டின் ஓட்டை நீள்வட்டமாகத் தேயத் தொடங்கியிருக்கிறது, ராடு அங்கே ஆடிக்கொண்டே இருப்பதால். அடுத்ததில் அந்த இடத்துக்கு 12 மில்லிக்குப் பதில் 16 மில்லி தகடு போடப் போகிறேன். தெர்மோகோல் மிதவையில் தனியாளாகக் கணவாய்க்குப் போகும் ஒருவர், 3 கிலோவுக்குள் ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவருடைய மிதவையில் நங்கூரத்துக்கு ஒதுக்கக்கூடிய இடம் இரண்டு சாண். அட்டை வெட்டியாகிவிட்டது.